விரலில் சுற்றிய நூலை முதலில் அவிழ்

பெரிய காஞ்சிபுரத்தில் வீசுகிற, வீசப்போகிற, வீசலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அத்தனை காற்றுக்கும் ஏகச் சக்கரவர்த்தியும், மேகங்களுக்கு வாய்தா கொடுக்கிறவனும், மூக்கை ஒரு தரம் உறிஞ்சினால் செய்யாறு வரைக்கும் மழை நிலவரம் சொல்லிவிடுகிறவனும் ஆகிய உன் அப்பன், கடல் கடந்து போய் உறைந்துபோன ஏரியின் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் உனக்கு எழுதுவது. நான் நலமாக இல்லை. நீ நலமா என்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தெரியும். இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் சொந்தபந்தம் மொத்தமும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடுகிறேன். மேலே சொன்ன பட்டங்கள் அத்தனையும் பொய் என்பதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். நீ சிரித்தாய்.

போன ஞாயிறு நீ அனுப்பிய வீடியோவை உன் அம்மா பதினேழு தரம் பார்த்தாள். உன் முகம் இளைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டு விறைப்பாக விரித்த மாதிரி ஒரு ஏரி. அதில் இட்லிப் பானை அளவுக்கு ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் கன்னங்கரேல் என்று தண்ணீர். உன்னோடு வேலை செய்கிற மூன்று பேர் பின்னால் நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். நீ பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கம் கொடுத்தாய். வானம் பளிச்சென்று நீலமாக இருந்து குளிர் குத்தினால் மீன் அடியில் போய் வாயை மூடிக்கொள்ளுமாம். புயல் வருவதற்கு முன்னால் காற்றழுத்தம் இறங்கும்போது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி விழுந்து கடிக்குமாம். மேற்குக் காற்று நல்லதாம், கிழக்குக் காற்று ஆகாதாம். பனிக்கட்டிக்கு அடியில் இருக்கிற மீனுக்குக் காற்று எப்படித் தெரியும் என்று உன் நண்பன் ஒருவன் கேட்டான். "மீனுக்குத் தெரியாதுடா, எங்க நைனாவுக்குத் தெரியும். காஞ்சிபுரத்துல அவர் மூக்கக் கேட்டுத்தான் தெருவே பாவு விரிக்கும்" என்றாய். எனக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்வீட்டுக் கண்ணாடியை உடைத்தது. மூன்றாவது தரம் பார்க்கும்போதுதான் உன் வலது கை தெரிந்தது. கையுறை இல்லை. தூண்டில் நூலை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தாய்.

அதற்கு மறுநாள் நீ போன் செய்தது நினைவிருக்கிறதா? "நைனா, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பிரஷர் எறங்குது. மீன் பிச்சிக்கினு போகும். பக்கத்து வீட்டுக் கிழவரு மட்டும் போகாதங்கிறாரு. ரெண்டு நாளா வெயில் அடிச்சி ஐஸ் இளகியிருக்குது, காத்து கரையிலருந்து ஏரிக்குள்ள அடிக்கும், ஐஸ் பொளந்துக்கும்னு பயமுறுத்துறாரு. நீ சொல்லு. போலாமா?" என்றாய். நான் போகாதே என்றேன். "ஏன்?" என்றாய். "அந்தக் கிழவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதுடா. நான் டூப்பு" என்றேன். "செம்ம நைனா. டூப்புன்னு சொல்றதையும் டூப்பா சொல்ற பாரு" என்று நீ சிரித்தாய். உன் நண்பர்களும் ஸ்பீக்கரில் சிரித்தார்கள். முப்பது வருடம் பொய்யைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தவன் உண்மையைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தால் எவன் வாங்குவான்? போனை வைக்கும்போது நீ கடைசியாகச் சொன்னது: "நமக்கு இது ரத்தத்துலயே இருக்குது நைனா. நான் பாத்துக்கிறேன்."

ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூல் பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒரு தூறல் விழுந்தால் போயிற்று, ஒரு கல்யாணத்தின் மானமே இழை இழையாக ஒட்டிக்கொள்ளும். அதனால் விரிப்பதற்கு முன்னால் எல்லாரும் நம் வாசலில் வந்து நிற்பார்கள். "மாமா, விரிக்கலாமா?" தெருவுக்கே நான் மாமா. நான் வீட்டுக்குள்ளிருந்து ராஜா வருகிற மாதிரி வருவேன். கிழக்கே பார்ப்பேன், கண்ணை மூடுவேன், மூக்கை உறிஞ்சுவேன். ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறா எந்தப் பக்கம் வாலைத் திருப்புகிறது என்று பார்ப்பதாக நடிப்பேன். பிறகு தீர்ப்பு. மகனே, ஆரம்ப காலத்தில் அதெல்லாம் வெறும் ஊகம். பத்துக்கு ஆறு பழம், நாலு காய். காயான நாலுக்கு, நான் சொன்ன பிறகு மேகம் மனசு மாறிவிட்டது என்று காரணம் வைத்திருந்தேன். நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு போன் வாங்கினோமே, அதற்குப் பிறகு பத்துக்குப் பத்தும் பழம். காலையில் கக்கூஸில் உட்கார்ந்து வானிலை ஆப்பைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்து மூக்கை உறிஞ்சுவேன். உன் பரம்பரை ரத்தத்தில் ஓடுவது ஞானம் இல்லை, ஜியோ நெட்வொர்க்.

இதைத் தெருவில் ஒரே ஒருவன் கண்டுபிடித்தான். உன் அம்மாவின் தம்பி, உன் தாய்மாமன் ஏகாம்பரம். அறுந்துபோன பட்டு இழையை முடிச்சே தெரியாமல் இரண்டு விரலால் முறுக்கி ஒட்டுவதில் அவனுக்கு நிகர் அப்போது எவனும் கிடையாது. நான் ஒரு இழையை ஒட்டுவதற்குள் அவன் நாலு ஒட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து எனக்கு ஐந்தாவதை ஒட்டிக் கொடுப்பான். அந்த விரல்கள் மேல் எனக்கு இருந்த பொறாமையை எரித்திருந்தால் நம் ஊர்க் கோயில்கள் அத்தனைக்கும் ஒரு வருஷம் தீபாராதனை காட்டியிருக்கலாம். அவன்தான் ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்டான். "ஏன் மாமா, உன் மூக்கு என்ன, பேட்டரில ஓடுதா? நெட்டு தீந்துட்டா ஜலதோஷம் புடிச்சிக்குமா?" பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இவனுக்கு ஒரு நாள் வைக்கிறேன் என்று நினைத்தேன். நீ என்னை வேடிக்கையான அப்பன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேடிக்கைக்காரன் அவமானப்பட்டால் எத்தனை கொடியவன் ஆவான் என்பதைத் தெரிந்துகொள். உனக்கும் என் வாய்தான் வாய்த்திருக்கிறது.

நாள் சீக்கிரமே வந்தது. அடைமழைக் காலத்தில் பாவு விரிக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஊறிக் கிடக்கும். கை சும்மா இருந்தால் நம் ஆட்களுக்கு மீன் ஆசை வந்துவிடும். தாமல் ஏரி கடல் மாதிரி நிரம்பியிருந்தது. இரண்டு நாள் மழை விட்டு வானம் லேசாக வெளுத்திருந்த காலையில் ஏகாம்பரம் வந்து கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். "மாமா, ஏரிக்குப் போலாம்னு இருக்கிறேன். காத்து எப்பிடி?" நான் அப்போதுதான் ஆப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் காற்று திரும்பும், பலமாக அடிக்கும், மழை கொட்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் வெளியே வந்தேன். கண்ணை மூடினேன். மூக்கை உறிஞ்சினேன். "சாயந்தரம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. தாராளமா போ. நடு ஏரிக்குப் போ, விரால் உன் பேரைச் சொல்லிக் கூப்புடும்" என்றேன். என் திட்டம் சின்னதுதான். அவன் ஒரு மீனும் இல்லாமல், நனைந்த கோழி மாதிரி தெருவில் நடந்து வரவேண்டும். பத்துப் பேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் நடந்த பெரிய கொடுமைகளில் பாதியாவது இந்த 'அவ்வளவுதானில்' தொடங்கியிருக்கும்.

அவன் லாரி டியூபில் பலகை கட்டிக்கொண்டு நடு ஏரிக்குப் போனான். என் பொய் பாதி பலித்ததுதான் கொடுமை. காற்று திரும்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மீன் வெறி பிடித்த மாதிரி கடித்தது. வெறும் கையோடு இருந்திருந்தால் அவன் ஒன்பதரைக்கே கரையேறியிருப்பான். பை நிறைய நிறைய ஆசை நிறையவில்லை. இங்கேதான் நம் தெருக்காரனைத் தவிர வேறு எவனும் செய்யாத தவறு நடந்தது. நம் தெருவில் பிறந்தவன் கையில் ஒரு முழம் நூல் கிடைத்தால், அவன் சொல்லாமலே விரல் அதை மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்ளும். பட்டு இழையோடு பழகிய விரல்கள் அப்படி. பட்டுக்கு மரியாதை தெரியும், அளவுக்கு மீறி இழுத்தால் தான் அறுந்து விரலை விட்டுவிடும். தூண்டில் நூலுக்கு அந்த நாகரிகம் கிடையாது. பத்தே கால் மணிக்குக் கரையிலிருந்து ஏரிக்குள் காற்று சீறியது. டியூப் அவனையும் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கம் பறந்தது. தூண்டில் முள் தண்ணீருக்கு அடியில் கருவேலங்கட்டையில் மாட்டிக்கொண்டது. கட்டைக்கும் டியூபுக்கும் நடுவில் இருந்தது உன் மாமனின் இரண்டு விரல். இறுகிய நூலை அவிழ்க்க இன்னொரு கை வேண்டும், அந்தக் கை டியூபைப் பிடித்திருந்தது. அதை விட்டால் ஏரி. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் அரிவாளைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப் போய் நூலை வெட்டினார். அதற்குள் நூல் எலும்பைப் பார்த்துவிட்டது.

நான் எங்கே இருந்தேன் என்று கேள். வாசலில் நாற்காலி போட்டு, மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீயும் பக்கத்தில் இருந்தாய். "மாமா தொப்பலா வருவாரு பாரு நைனா" என்று உன்னைச் சொல்ல வைத்ததே நான்தான். அவன் ஆட்டோவில் வந்தான். கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு என்ன நிறம் என்று உன் அம்மாவைக் கேட்காதே.

தையல் போட்டார்கள், விரல் தங்கியது, மடங்குவது மட்டும் போயிற்று. அந்த இரண்டும் இன்றுவரை விறைப்பாக நிற்கின்றன. இழை முறுக்கிய விரல்களால் இப்போது சட்டைப் பொத்தான் போட முடியாது. தறியை விட்டுவிட்டு ஒரு பட்டுக் கடையில் மாடிப்படி ஓரம் நின்று வருகிறவர்களுக்கு வழி காட்டும் வேலைக்குப் போனான். நான் அப்போதாவது வாயை மூடினேனா? "ஏகாம்பரம், விபூதி பூசறதுக்கு இனிமே நீ விரல நீட்டவே வேணாம்பா, எப்பவும் ரெடி" என்றேன். "முதல் மாடின்னு உன்னால காட்டவே முடியாதேடா, எவன் என்ன கேட்டாலும் ரெண்டாவது மாடிக்குத்தான போவான்" என்று ஒரு நிச்சயதார்த்த வீட்டில் கூட்டத்துக்கு நடுவில் சொன்னேன். வீடே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நீதான். ஏகாம்பரமும் சிரித்தான். ஒரு தரம் கிண்டலை நிறுத்தினால், ஏன் நிறுத்தினான் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். குற்றவாளி ஓயாமல் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தால் எவனும் அவன் சட்டைப்பையைச் சோதிக்க மாட்டான். எட்டு வருஷம் பாடினேன்.

இப்போது உன் ஏரிக்கு வருகிறேன். உன் ஊரின் பெயரையும் ஆப்பில் போட்டு வைத்திருக்கிறேன். காஞ்சிபுரத்துக்குக் கீழே நீ. தினமும் காலையில் இரண்டையும் பார்க்கிறேன். உன் நீலவானக் கதையும் அழுத்தக் கதையும் சரியாகவே இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் கடிக்கும் என்பதும் சரியாக இருக்கலாம். அதுதான் எனக்குப் பயம். மீனை வாய் திறக்க வைக்கிற காற்றும் ஏரியை வாய் திறக்க வைக்கிற காற்றும் ஒரே காற்று. கரையிலிருந்து உள்ளே அடிக்கிற காற்று இளகிய பனிக்கட்டியைப் பலகை மாதிரி பிளந்து தள்ளிக்கொண்டு போகுமாம். முதலில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் தெரியுமாம், திரும்பிப் பார்ப்பதற்குள் தாண்ட முடியாத அகலமாகிவிடுமாம். வீடியோக்களில் பார்த்தேன். நீ நாலு மீன் பிடித்த மகிழ்ச்சியில் பையை நிறைத்துக்கொண்டிருப்பாய். உன் மாமனும் அப்படித்தான் நிறைத்துக்கொண்டிருந்தான். அங்கே அரிவாளைக் கடித்துக்கொண்டு நீந்தி வருகிற மனிதர் கிடையாது. அந்தத் தண்ணீரில் மனிதன் நீந்துவதே இல்லையாம், விறைத்துப்போகிறானாம். உன் பேச்சை நம்பி மூன்று பேர் பின்னால் வருவார்கள். அந்த மூன்று பேருக்கும் அப்பன்மார்கள் இருப்பார்கள். அவர்களாவது யோக்கியர்களாக இருப்பார்கள்.

போனில் நீ நம்பவில்லை என்றதும் எனக்குச் சாட்சி தேவைப்பட்டது. நேற்றுக் கடைக்குப் போனேன். ஏகாம்பரம் படி ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தான்.

"என்ன மாமா, புடவை எடுக்கவா? ரெண்டாவது மாடி" என்று கையைக் காட்டினான். என் ஜோக்கையே எனக்குத் திருப்பிக் கொடுத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பு, பத்து மணி, மூக்கு, எல்லாம். நடுவில் இரண்டு குடும்பம் வந்து போனது, அவர்களுக்கு வழி காட்டிவிட்டு வந்து, மிச்சத்தையும் காது கொடுத்துக் கேட்டான்.

"தெரிஞ்சே அனுப்பினியா?"

"தெரிஞ்சேதாம்பா."

"எட்டு வருசமா நானு, நம்ம ஆசைதான் நம்மள அறுத்துச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன். மாமா கரெக்டாத்தான் சொன்னாரு, காத்துதான் ஏமாத்திடுச்சின்னு ஊர்ல சண்டை எல்லாம் போட்டிருக்கிறேன், உனக்காக."

நான் காலைப் பிடிக்கக் குனிந்தேன். "கஸ்டமர் பாக்கறாங்க, எழுந்திரு. இங்க நாடகம் ஆடாத" என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. பிறகு, "எதுக்கு இப்ப வந்து சொல்ற?" என்றான். உன் வீடியோவைக் காட்டினேன். நீ பேசுவதை அவன் கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னான். உன் கையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னான். "அதே ரெண்டு விரலு" என்றான். மூன்று சுற்றையும் எண்ணினான்.

"எழுது. எங்கிட்ட சொன்னத அப்பிடியே எழுது. பையனுக்கு மட்டும் அனுப்பினா அதையும் சிரிச்சிட்டுப் போயிடுவான். குரூப்ல போடு. எங்க அக்காவும் படிக்கட்டும், தெருவும் படிக்கட்டும். உன் மூக்கு செத்துச்சின்னு ஊருக்கே தெரியணும். அப்பதான் அவன் நம்புவான்." சற்று யோசித்து, "உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாத. நான் அப்பிடி சொல்லல" என்றான். எழுதவில்லை. பிறகு அவனாகவே கையை நீட்டி, "போட்டோ எடு" என்றான்.

உன் அம்மாவிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன். தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை. முப்பது வருடத்தில் உலகத்துக் காற்றையெல்லாம் கணித்தவனுக்கு, சமையலறையிலிருந்து என்ன வரப்போகிறது என்று கணிக்கத் தெரியவில்லை.

இன்று காலை வழக்கம்போல் நாலாவது வீட்டுக்காரர் வந்து நின்றார். "மாமா, பாவு விரிக்கலாமா?" நான் கண்ணை மூடவில்லை, மூக்கை உறிஞ்சவில்லை. "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா இன்னிக்குப் புதுசா ஒண்ணு எடுத்து உட்றாரு" என்று தெருவைக் கூப்பிட்டுச் சொன்னார். போனை எடுத்து ஆப்பைக் காட்டினேன். சிரிப்பு மெல்ல நின்றது. பாவைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பிப் போனதை நீ பார்த்திருக்க வேண்டும். பட்டாபிஷேகம் செய்த தெருவே கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு போயிற்று. எனக்கு அது மட்டும்தான் சொத்து, உனக்கு எழுதி வைக்க இருந்ததும் அதுதான். அது இல்லை. உன் ரத்தத்தில் ஒரு காற்றும் இல்லை. ஏரிக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்தப் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கேள், அவர் சொல்கிறபடி செய். வேறு என்றைக்காவது ஏரிக்குப் போனாலும் கையுறை போடு. நூலைக் கழியில் கட்டு, விரலில் கட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இதே குரூப்பில் போடு. எனக்குப் போட வேண்டாம், உன் மாமனுக்குப் போடு. கீழே இருக்கிறது அவன் கை. பார்த்ததும், ஏதோ ஜெயித்துவிட்டு இரண்டு விரலைக் காட்டுகிறான் என்று நினைத்து நீ வழக்கம்போல் சிரிக்கப் போவாய். அவன் விரலைக் காட்டவில்லை. முஷ்டி மடக்கச் சொன்னேன். முழு பலத்தோடு மடக்கியிருக்கிறான்.